இருபது வழி

வெற்றிலைக் கடையை ஒருநாள் சாத்திவிட்டு
பெகுவிலிருந்து ராத்திரி பஸ் ஏறினேன்.
மடியில் கறிவேப்பிலைக் கன்று,
பழைய பெயின்ட் டப்பாவில்.
பள்ளத்துக்குப் பள்ளம் அது என் மூக்கைத் தடவியது.

விடியும்போது தலைநகரம்
ஊரே இல்லாத ஊராய்க் கிடந்தது.
புல்லுக்குத் தண்ணீர் பீய்ச்சும் குழாய்கள்,
மூங்கில் தொப்பி போட்டுப் பெருக்கும் பெண்கள்.
தங்கை போனில் சொன்ன அடையாளம்
"நீலக் கூரை, நாலு மாடி."
ஆஸ்பத்திரி இலாகாவுக்கு நீலமாம்,
வயல் இலாகாவுக்குப் பச்சையாம்.
கண்ணுக்கெட்டிய மட்டும் நீலம்.
நாலு கதவு தட்டினேன்.
நாலிலும் அதே பூப்போட்ட திரை.

ஐந்தாவதில் முத்துராக்கு.
இங்கே மா கின் ஸான்.
கன்னத்தில் வட்டமாய்த் தனக்கா.
கன்றை வாங்கி முகர்ந்தாள்,
அப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து
யாரென்று கேட்டாள்.
"பெகுவில் எங்க வீட்டுப் பக்கம்
வெற்றிலைக் கடை வைத்திருக்கிறவங்க"
பர்மியத்தில் சொன்னாள், சிரித்த முகமாய்.
பொய்யில்லை.
கடை இருக்கிறது. வீட்டுப் பக்கம்தான் இருக்கிறது.
வீட்டுக்குள் யார் யார் என்பதை மட்டும்
சுண்ணாம்பு மாதிரி உள்பக்கம் தடவி
மடித்துவிட்டாள்.

தங்கை வீட்டுக்காரர் நல்ல மனுஷன்.
இலாகா டிரைவரிடம் கார் இரவல் வாங்கி
ஊர் காட்டினார்.
பெரிய பயா,
ரங்கூன் பயாவைவிட ஒரே அடி குள்ளமாம்,
மரியாதைக்கு.
கீழே வெள்ளை யானைகள்.
வெள்ளை என்று எழுதியிருப்பதால் வெள்ளை,
எனக்குப் பால் கம்மியான டீ நிறம்.
வாயில் காலையில் போட்ட வெற்றிலை.
துப்ப ஓர் இடமில்லை.
ஒரு சுவரில், ஒரு படியில், ஒரு மின்கம்பத்தடியில்
சிவப்பே இல்லாத இந்த ஊரில்
நான் கடை போட்டால் ஒரு வாரம் தாங்காது.

மிருகக்காட்சி சாலையில் பென்குயின்கள்.
ஏசி போட்ட கண்ணாடி வீடு.
வெளியே தார் உருகுகிறது.
சின்னவள் சூ சூ கண்ணாடியில் மூக்கை ஒட்டி
நகர மாட்டேன் என்றாள்.
நானும்தான்.
"கரண்டு போனால் இதுகள் என்ன செய்யும்?"
"இங்கே போகாது" என்றார் காவலாளி.

மத்தியானம் தங்கை வீட்டில் போனது.
வேர்க்க வேர்க்க மீன் குழம்பு வைத்தாள்.
அத்தனை சின்னக் கன்றில் இரண்டே இலை கிள்ளி
எண்ணெயில் போட்டதும்
எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.
மணம் வெளியே போகக் கூடாதென்றா,
உள்ளேயே இருக்கட்டுமென்றா?
கேட்கவில்லை. சாப்பிட்டேன்.

பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது.
கடைசியாக அந்தச் சாலை.
இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து,
இருபது வழி, ஒரு வண்டி இல்லை.
அவரும் பிள்ளையும் கார் ஓரமாய் நிற்க
நாங்கள் போட்டோ எடுக்க
நடுக்கோடு வரை நடந்தோம்.
நடக்க நடக்க அவர்கள் சின்னதானார்கள்.

அங்கே வைத்துத்தான் வாயைத் திறந்தாள்.
மடை உடைந்த மாதிரி தமிழ்.
வடக்கு வீட்டுக்காரி இன்னும் கோழி திருடுகிறாளா,
கோயில் உண்டியல் சாவி யார் கையில்,
செங்கேணி இரவல் வாங்கின தையல் மிஷின் வந்துதா.
ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு
அதன் ருசிக்காகவே இன்னொரு தடவை சொன்னாள்.
"துப்பு, யாருமில்லை" என்றாள் என் கன்னத்தைப் பார்த்து.
எனக்கு மனசு வரவில்லை. விழுங்கிவிட்டேன்.

தூரத்தில் ஒரு மோட்டார் பைக்.
பேச்சை நிறுத்தினாள்,
முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.
நேர்ச் சாலை. அது எங்களைத் தாண்டி
சிவப்புப் புள்ளியாகித் தொலைய
வெகுநேரம் எடுத்தது.
காத்திருந்தோம்,
கடன் கேட்க வந்த இருவர் மாதிரி.

பிறகு
"அக்கா" என்றாள்,
காலையிலிருந்து முதல் தடவையாக,
"அந்தப் பேச்சியப்பன்
வட்டியோடவா குடுத்தான்?"